டிராகன் ஆடிய லிஃப்ட் மெக்கானிக்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தச் சதுரங்கப் போட்டியின் கடைசிச் சுற்றில் நான் பதினேழே நகர்த்தலில் தோற்றேன். வேறு வேலை இல்லாததால் பக்கத்துப் பலகையைப் பார்த்தேன். கதை வந்த வழி அதுதான்.

கறுப்புக் காய்களுடன் ஒரு பெண், லிஃப்ட் மெக்கானிக். நாற்பத்திரண்டு வயது, நகக்கண்ணில் கிரீஸ். எதிரே வெள்ளைக் காய்களுடன் பூகோள வாத்தியார். இரண்டு வருடம் முன்புவரை அவளுடைய கணவர். அவள் ஜெயித்தால் அடுத்த கட்டப் போட்டிக்குப் போவாள். டிரா ஆனாலே அவர் போய்விடுவார்.

2

[முதலில் இப்படித் தொடங்கினேன்: "சதுரங்கம் வாழ்க்கையைப் போன்றது, ஏனெனில்" — ஏனெனில் என்னவென்று தெரியவில்லை. விட்டுவிட்டேன்.]

பதினொரு வருடக் கல்யாணத்தில், வீட்டில் ஆடும்போதெல்லாம் அவள் பதுங்குவாள். அவர் பொறுமையாக நசுக்குவார். இன்று அவள் எடுத்தது சிசிலியன் டிராகன் என்ற தொடக்க ஆட்டம். அதில் பதுங்க இடமில்லை. ஆளுக்கொரு பக்கம் எதிராளியின் ராஜாவை நோக்கி ஓட வேண்டும், முந்தியவர் பிழைப்பார்.

ஐந்தாவது நகர்த்தலில் வாத்தியார் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

3

வாத்தியாரை வில்லனாக்கத்தான் நினைத்தேன். மீசைகூடக் கொடுத்திருந்தேன். ஆனால் நடுவில், நகர்த்தல்களைக் குறித்துக்கொண்டிருந்த அவள் பேனா எழுதாமல் போக, அவர் தன்னிடமிருந்த இன்னொன்றை மூடி கழற்றி அவள் பக்கம் நகர்த்தினார். மீசையை எடுத்துவிட்டேன்.

அடுத்த நகர்த்தலில் அவள் தன் யானையைப் பலி கொடுத்து, அவர் ராஜாவுக்குக் காவலாக நின்ற குதிரையை வெட்டினாள்.

அவர் முப்பது நிமிடம் யோசித்தார். [இதை இரண்டு பக்கம் எழுதினேன். மூக்கைச் சொறிவதைத் தவிர எதுவும் நடக்கவில்லை.] பிறகு யானையை எடுத்துவிட்டு, "டிராவா?" என்றார்.

ஆட்டத்தின் நடுவே எதிராளியிடம் பேச விதி அனுமதிப்பது அநேகமாக அது ஒன்றைத்தான். இரண்டு வருடத்தில் அவர் அவளிடம் பேசிய முதல் வார்த்தையும் அதுதான்.

"இல்லைங்க. ஆடலாம்."

அவள் குரல் நடுங்கவில்லை.

4

முப்பத்திரண்டாவது நகர்த்தலில் அவர் கை நீட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

"இத எப்ப கத்துக்கிட்டே?"

"நீங்க பெட்டியத் தூக்கிட்டுப் போனீங்களே, அதுக்கு மறுவாரம்."

அவர் தலையாட்டினார். "சரி, நான் எங்க தப்புப் பண்ணேன்?"

தோற்றவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விதான். [இங்கே அவளை அழவைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. இருவரையும் டீ குடிக்க அனுப்பினேன். போக மறுத்தார்கள்.] அவள் காய்களை ஒவ்வொன்றாகப் பின்னுக்கு நகர்த்தத் தொடங்கினாள். "இங்க இல்ல," என்றாள். இன்னும் பின்னால் போனாள். "இங்கயும் இல்ல."

அதற்குள் நடுவர் என்னிடம் வந்து, சும்மாதானே இருக்கிறீர்கள், நாற்காலிகளை அடுக்குங்கள் என்றார். அடுக்கிவிட்டுத் திரும்பினேன். எல்லாக் காய்களும் தொடக்கக் கட்டங்களுக்கே போயிருந்தன. இருவரும் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

என்ன பேசினார்கள் என்பதை, கல்யாணமானவர்களே, நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.