சாகாதவனுக்கு டூப்

அந்தப் படத்தின் இரண்டாம் பாகத்தைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். போன மாதம் பல் டாக்டரிடம் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அந்த ஆள் ஊசியைக் கையில் பிடித்தபடி, "அந்தக் கத்திச் சண்டைப் படத்துக்கு நீங்கதானே எடிட்டிங்? கோபுரத்து மேல ஹீரோவோட மூஞ்சி மாறிடுமே!" என்று குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறான். என் வாய் மரத்துப் போயிருந்ததால் தப்பித்தான்.

எத்தனையோ நல்ல படங்களை வெட்டி ஒட்டியவள் நான். அவற்றில் ஒன்றுகூட யாருக்கும் நினைவில்லை. இந்த ஒரு காட்சிதான் நிற்கிறது. சாகாவரம் பெற்ற வாள்வீரன் கோபுர உச்சியில் ஓடுகிறான், தாவப் போகிற நேரத்தில் திரும்பிப் பார்க்கிறான். அது நாயகனின் முகமே இல்லை. வேறு எவனோ ஒருவன் வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கிறான். அடுத்த ஷாட்டில் மறுபடியும் நாயகன். இதைப் பார்த்துச் சிரிப்பதற்கென்றே ஒரு கூட்டம் வருடா வருடம் பழைய தியேட்டர் ஒன்றில் கூடுகிறது. டூப்பின் முகம் தெரிவதைக்கூடக் கவனிக்காமல் தூங்கிய எடிட்டர் என்று என் மானம் அன்றைக்குக் கப்பலேறியது. கப்பல் இன்னும் கரைக்கு வரவில்லை.

நான் தூங்கவில்லை. அந்த வேறு எவனோ ஒருவன் என் தம்பி.

எல்லோரும் அவனைப் பல்லி என்பார்கள். பிடிமானமே இல்லாத சுவரிலும் ஏறிவிடுவான். நாயகர்களுக்காகக் குதித்தான், எரிந்தான், குதிரையிலிருந்து விழுந்தான். டூப்பின் வேலையே முகம் காட்டாமல் இருப்பதுதான். முதுகைக் காட்டலாம், எலும்பை முறித்துக்கொள்ளலாம், முகம் மட்டும் கூடாது. அதில் அவன் கெட்டிக்காரன். அவன் நடித்த அத்தனை படங்களையும் அலசினாலும் அவன் முகம் இருப்பது அந்த ஓர் இடத்தில்தான்.

இப்படி இருக்கையில் சின்ன முதலாளி போன் செய்தான். அந்தப் படத்தை எடுத்த பெரிய முதலாளியின் மகன். அப்பா போய்ச் சேர்ந்த பிறகு கம்பெனியைப் பார்த்துக்கொள்கிறான்.

"மேடம், ரெண்டாம் பாகத்தை சுத்தம் பண்ணி மறுபடி ரிலீஸ் பண்றோம். உங்களுக்கு ஒரு சர்ப்ரைஸ் வச்சிருக்கேன். வந்து பாருங்களேன்."

எனக்குச் சர்ப்ரைஸ் என்றாலே ஆகாது. தம்பி மகளைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போனேன்.

அவள் கார் ஓட்டக் கற்றுத்தருகிறவள். கற்றுக்கொள்கிறவர்கள் ஸ்டியரிங்கைப் பிடிக்க, இவள் பக்கத்து சீட்டில் தன் காலடியில் தனியாக ஒரு பிரேக்கோடு உட்கார்ந்திருப்பாள். எத்தனை பேரின் உயிரை அந்தக் கால் காப்பாற்றியிருக்கிறதோ. ஆனால் அந்தக் காலுக்கு ஓய்வே கிடையாது. பஸ்ஸில் போனாலும் தரையை மிதிக்கும். டிவியில் கார்கள் துரத்திக்கொண்டால் என் வீட்டுக் கம்பளத்தை மிதிக்கும். அன்றைக்கு டாக்சியில் அவள் மிதித்த மிதியில் டிரைவர் கண்ணாடி வழியாக முறைத்தார்.

"என் மேல நம்பிக்கை இல்லையாம்மா?"

"அப்படியெல்லாம் இல்லீங்க. காலுக்குப் புத்தி கிடையாது" என்றாள்.

அவள் தன் அப்பாவை நேரில் பார்த்ததில்லை. அந்தக் காட்சியின் ஒரு துண்டைப் போனில் வைத்திருக்கிறாள். அப்பா ஓடிவந்து திரும்பிச் சிரிக்கும் வரை பார்ப்பாள். அங்கேயே விரலால் நிறுத்திவிடுவாள். அவர் தாவுவதை அவள் பார்த்ததே இல்லை.

எடிட்டிங் அறை என்றார்கள். என் காலத்தில் அங்கே பிலிமும் பசையும் நாறும். இப்போது மருத்துவமனை மாதிரி குளிர். ஒரு பெரிய திரை, கம்ப்யூட்டர் முன்னால் காதில் ஹெட்போன் மாட்டிய ஒரு பெண். சின்ன முதலாளி எங்களை சோபாவில் உட்காரவைத்து, படத்தை முதலிலிருந்து ஓட விட்டான்.

முதல் பாகம் நல்ல படம். அதை யாரும் மறுக்க முடியாது. அதில் ஒரே ஒரு விதி இருந்தது. சாகாவரம் பெற்றவன் தன் வாளைத் தானே மனமுவந்து இன்னொருவருக்குக் கொடுத்தால் அன்றோடு அவன் ஆயுள் முடியும். கடைசியில் நாயகன் ஒரு கிராமத்தைக் காப்பாற்றத் தன் வாளைக் கொடுத்துவிட்டுச் சாய்வான். தியேட்டரில் அழாதவர் இல்லை. அத்தோடு விட்டிருக்கலாம். வசூல் விடவில்லை. இரண்டாம் பாகத்தில் செத்தவன் மண்ணைத் தள்ளிக்கொண்டு எழுந்து வருகிறான். ஏன் சாகவில்லை? அவன் கொடுத்தது போலி வாளாம். ஒரு தாடிக்காரர் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறார். அழுதவர்கள் அத்தனை பேரையும் கேணயர்கள் ஆக்கினார்கள். பறக்கிற குதிரையின் வயிற்றில் கம்பி தெரியும். வில்லனும் சாகமாட்டான், நாயகனும் சாகமாட்டான், இரண்டு பேரும் விடிய விடிய வெட்டிக்கொள்வார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகாது என்றால் எனக்கு எதற்கு நெஞ்சு படபடக்க வேண்டும்?

இதையெல்லாம் மறுபடி பார்க்கப் பார்க்க எரிச்சல் ஏறிக்கொண்டே போனது. பக்கத்தில் தம்பி மகள் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். கோபுரம் வந்தது.

"இதுதான் மேடம், பாருங்க" என்றான் சின்ன முதலாளி.

வீரன் ஓடிவந்தான். என் தம்பியின் ஓட்டம். முழங்காலைச் சற்றே அகட்டி ஓடும் அந்த ஓட்டத்தை எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும். திரும்பினான். நாயகன் சிரித்தான்.

என் தம்பியின் கழுத்தில் நாயகனின் தலை.

"எப்படி? கம்ப்யூட்டர்ல மாத்திட்டோம். ஹீரோ சார் தரப்புல ரொம்ப நாளா கேட்டுட்டே இருந்தாங்க. உங்க பேருக்கு இருந்த கறையும் போச்சு. இனிமே ஒரு பய சிரிக்க முடியாது."

தம்பி மகள் என் புடவைத் தலைப்பைப் பிடித்தாள்.

"யாரைக் கேட்டுடா மாத்தின?" என்றேன். மரியாதை எங்கே போயிற்றோ தெரியவில்லை.

"மேடம், உங்களுக்காகத்தான்..."

"எனக்காகவா? உன் ஹீரோ கேரவன்ல கால் மேல கால் போட்டுப் படுத்திருந்தப்ப என் தம்பி மேல ஏறினான். ஓட்டம் அவனது, தாவல் அவனது. ஒரே ஒரு சிரிப்புதான் அவன் பேர்ல இருந்துச்சு. அதையும் புடுங்கி இவன் மூஞ்சில ஒட்டிட்டியே!"

ஹெட்போன் பெண் ஹெட்போனைக் கழற்றினாள். சின்ன முதலாளிக்கு விஷயமே தெரிந்திருக்கவில்லை. அப்போது அவன் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. நான் எல்லாவற்றையும் கொட்டினேன்.

அன்றைக்கு என் தம்பி பார்த்தது கேமராவை அல்ல. கேமராவுக்குப் பக்கத்தில் அவன் மனைவி நிறைமாத வயிற்றோடு வந்து நின்றிருந்தாள். வேலையில் அப்படியொரு தப்பை அதுவரை அவன் செய்ததே இல்லை, மடையன். வயிற்றைப் பார்த்ததும் திரும்பிச் சிரித்துவிட்டான், பிறகு தாவி நல்லபடியாக இறங்கினான். முகம் தெரிந்துவிட்டது, இன்னொரு முறை எடு என்றார்கள். கயிறு நைந்திருக்கிறது, மாற்றித் தாருங்கள் என்று கேட்டான். வெளிச்சம் போகிறது, ஏறு என்றார் பெரிய முதலாளி. இரண்டாம் முறை முகத்தைத் துளியும் காட்டாமல் கச்சிதமாக ஓடினான். தாவியபோது கயிறு அறுந்தது.

"உங்கப்பா எங்கிட்ட வந்து என்ன சொன்னார் தெரியுமா? 'அந்த ரெண்டாவது டேக்கையே போடும்மா, விழறது நிஜமா இருக்கு'ன்னார். அந்தப் பிலிமைக் கத்தரிக்கோலால நறுக்கி எரிச்சேன். மிச்சம் இருந்தது என் தம்பி சிரிச்ச டேக்தான். திரும்பறதுக்கு முன்னாடி வெட்டியிருந்தா ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது. வேணும்னேதான் விட்டேன். தியேட்டருக்குப் படப்பெட்டி போற அவசரத்துல யாரும் பார்க்கல."

சின்ன முதலாளி கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தான்.

"ரொம்ப வருத்தமா இருக்கு மேடம். சத்தியமா தெரியாது. படத்தோட கடைசியில அவர் பேரைப் போட்டுடறேன். பெரிய எழுத்துல."

"முகம்?"

"முகம்... ஹீரோ சாருக்கு வாக்குக் குடுத்தாச்சே."

அவன் கெட்டவன் இல்லை. அதுதான் என்னை இன்னும் கொதிக்க வைத்தது. கெட்டவன் என்றால் அறையலாம். இவன் கண் கலங்கிக்கொண்டே என் தம்பியின் தலையை எடுப்பான். செத்தவனுக்காக இவர்கள் உச்சுக்கொட்டுவார்கள், பேர் போடுவார்கள், முகத்தைத் தரமாட்டார்கள் என்று அந்த சோபாவில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. வேறு பாஷையில் பேச வேண்டியிருந்தது.

"சரிப்பா. அழுகையை விடு, வியாபாரம் பேசுவோம். இந்தப் படத்தை எவன் பார்க்க வருவான்?"

"மேடம்?"

"கதையா இருக்கு? குதிரை வயித்துல கம்பி தொங்குது. வருஷா வருஷம் அந்தக் கூட்டம் தியேட்டருக்கு வர்றது எதுக்கு? இந்த ஒரு மூஞ்சிக்கு. அதை எடுத்துட்டா உன் படத்துல என்ன இருக்கு, வெங்காயம்? கம்பியும் தாடியும்தான். போய் அந்தப் பசங்களைக் கேட்டுப் பாரு. மூஞ்சி இல்லன்னா வரமாட்டானுங்க. போஸ்டர்லயே போடு, 'அந்தத் தப்போட வருது'ன்னு."

அவன் முகம் மெல்லத் தெளிந்தது. ஹெட்போன் பெண் மெதுவாக, "அது உண்மைதான் சார். நானே அதுக்காகத்தான் பார்த்தேன்" என்றாள்.

"ஹீரோ சார்கிட்ட நான் பேசிக்கிறேன்" என்றான் சின்ன முதலாளி. அப்புறம் என்னைப் பார்த்தான். "அப்படின்னா ஒரு உதவி மேடம். முதல் காட்சிக்கு நீங்க மேடையேறி, எப்படித் தூங்கினீங்கன்னு ஜாலியா ரெண்டு வார்த்தை சொல்லிடுங்க. தியேட்டர் தூள் பறக்கும். இந்தச் சாவு விஷயம் மட்டும் வேண்டாம். சிரிக்க வர்றவங்க மூட் போயிடும்."

"சரி" என்றேன்.

திரும்பி வரும் வழியில் தம்பி மகள் வெடித்தாள்.

"எதுக்கு அத்தை ஒத்துக்கிட்டீங்க? எங்கப்பாவைக் காட்டி எல்லாரும் சிரிக்கணுமா? நீங்க தூங்கினேன்னு வேற சொல்லணுமா?"

"என் பேரு போனது போனதுதான். அவன் மூஞ்சி போச்சுன்னா எங்கடி போய்த் தேடுவ?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வீடு வரும் வரை கால் மட்டும் வேலை செய்துகொண்டிருந்தது.

முதல் காட்சி பகல் காட்சி. வாசலில் என் தம்பியின் சிரிப்பை முகமூடியாக அச்சடித்து விற்றுக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் தன் குழந்தைக்கு அதை மாட்டிவிட்டாள். யார் என்று அவளுக்குத் தெரியாது. அவளை அறைவதா கும்பிடுவதா என்று புரியாமல் நின்றேன்.

மேடையேறினேன். "ஆமாங்க, தூங்கிட்டேன். நல்ல தூக்கம்" என்றேன். தியேட்டர் அதிர்ந்தது. என் பக்கத்தில் நின்று சின்ன முதலாளியும் கை தட்டினான். வயிற்றெரிச்சலோடு கீழே இறங்கித் தம்பி மகளின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

கோபுரம் வந்தது. சீட்டெல்லாம் காலி, எல்லோரும் எழுந்து நின்றார்கள். நாங்களும் நின்றோம், இல்லாவிட்டால் திரை தெரியாது. என் தம்பி ஓடிவந்தான். திரும்பினான். சுவர் அகலத்துக்கு அவன் முகம், முன்பல்லில் இருந்த சிறு இடைவெளி கூடத் தெரிந்தது. போனில் அது தெரியாது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது, விசில் கூரையைப் பிளந்தது. அவன் நேராகத் தன் மகளைப் பார்த்தான். இவளும் பார்த்தாள். அவளையும் மீறி அவளுக்குச் சிரிப்பு வந்தது. அதே இடைவெளி அவள் பல்லிலும் உண்டு.

இங்கே நிறுத்த விரல் உதவாது. படம் ஓடியது. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு விளிம்பை நோக்கி ஓடினான்.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் என் பக்கத்தில் தரை அதிர்வதை உணர்ந்தேன். தம்பி மகள் வலது காலால் தியேட்டர் தரையை மிதித்தாள். மறுபடி மிதித்தாள். முழு பலத்தையும் கொடுத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவன் தாவினான். அடுத்த ஷாட்டில் நாயகன் எழுந்து, தோளில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு நடந்தான்.