காட்டிப் பேச ஒருத்தி

"பிரேக்க எடு கண்ணு, உள்ள போலாம்" என்று சொல்லிக்கொண்டே இருதயமேரி பெரியம்மா சக்கர நாற்காலியின் கைப்பிடியைப் பின்னால் இழுத்தாள்.

ஆஷ்லின் பிரேக்கை எடுக்கவில்லை. பந்தலுக்கு வெளியே நாலு பேர் அவள் அம்மாவின் சவப்பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சாமியார் தீர்த்தம் தெளித்து ஜெபத்தை முடித்துவிட்டார். உபதேசியார் தொம்மை சிலுவையைப் பிடித்துக்கொண்டு முன்னால் போய் நின்றார்.

"நானும் கல்லறைக்கு வர்றேன் பெரிம்மா. மண்ணு போடணும்."

"எப்பிடி வருவ? மூணு நாளு மழ. ஏரிக்கர வழி நொதநொதன்னு கீது. வண்டி பொதைஞ்சிக்கினா யாரு இழுக்கறது?"

"கல்லறத் திருநாளுக்கு வருஷா வருஷம் எங்கம்மா இழுத்துக்கினு போவல? அப்பவும் மழதான். இல்லன்னா தூக்கினு போங்க."

பெரியம்மா அதைக் காதில் வாங்காதவளாக ஆஷ்லினின் அப்பாவைப் பார்த்தாள். சகாயராஜ் மகளின் முகத்தைப் பார்க்காமல் நாற்காலியின் சக்கரத்தைப் பார்த்தார். "நீ வூட்ல இரும்மா. அப்பா போய்ட்டு வந்துர்றேன்" என்றார், கடைக்குப் போய் வருகிறவர் மாதிரி.

பெட்டியைத் தூக்க நாலு பேர், தோள் மாற்ற இன்னும் நாலு பேர். முப்பத்தெட்டு கிலோ இருக்கிற பெண்ணைத் தூக்க அந்தக் கூட்டத்தில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. தூக்கத் தெரிந்தவள் பெட்டிக்குள் இருந்தாள். பாட்டு ஆரம்பித்தது, தெரு முழுக்க எழுந்து பின்னால் போனது. பெரியம்மாவும் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஓடினாள்.

ஜெசிந்தா செவ்வாய்க்கிழமை காலை எப்போதும் போலத் திண்டிவனத்தில் பாசஞ்சர் ஏறி விழுப்புரத்தில் இறங்கியிருக்கிறாள். அங்கே ஒரு ஜவுளிக்கடையில், வாங்குகிறவர்கள் அளவுக்குத் துணியைப் பிடித்துத் தைக்கிற வேலை. ஸ்டேஷன் படிக்கட்டில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் பிறகு எழுந்திருக்கவில்லை. மூளையில் ரத்தம் கசிந்துவிட்டது என்றார்கள். பிபி மாத்திரை போட்டார்களா என்பதுதான் டாக்டர் கேட்ட முதல் கேள்வி. நாலு மாதமாகப் போடவில்லை. தலைசுற்றல் நின்றுவிட்டது, இனி எதற்கு என்று ஜெசிந்தாவே நிறுத்திவிட்டாள். ஆஷ்லின் இதற்காக இரண்டு தடவை சண்டை போட்டுச் சாப்பிடாமல் கிடந்திருக்கிறாள். வியாழக்கிழமை மத்தியானம் எல்லாம் முடிந்தது.

ஆனால் ஆம்புலன்ஸ் வந்து நின்றதிலிருந்து பந்தலில் வேறு கதை ஓடியது. "பதினேழு வருஷம் சொமந்தியே தங்கச்சி, சொமந்து சொமந்தே போய் சேந்துட்டியே" என்று பெரியம்மா பெட்டியைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தாள். வந்தவர்கள் மாலையைப் போட்டார்கள், அப்புறம் திரும்பி ஆஷ்லினைப் பார்த்தார்கள். மாத்திரையைப் பற்றி யாரும் பேசவில்லை. மாத்திரை என்ன, பந்தலில் வந்து உட்கார்ந்தா இருக்கிறது? அவள்தான் உட்கார்ந்திருந்தாள். முதுகுத்தண்டு கீழே மூடாமல் பிறந்தவள். இடுப்புக்குக் கீழே சூடு, குளிர் எதுவும் தெரியாது. காது நன்றாகக் கேட்கும் என்பதை மட்டும் எல்லாரும் மறந்துவிட்டார்கள்.

உள்ளறைக் கதவு லேசாகத் திறந்தது. "போய்ட்டாங்களா?" என்றாள் இசைவாணி.

"போய்ட்டாங்க. வெளிய வா. பொணம் இல்ல இப்போ."

இசைவாணி பெரியம்மாவின் மகள். பத்தொன்பது வயது. கல்யாணமாகி விழுப்புரத்தில் இருக்கிறாள். இப்போது வயிற்றில் ஐந்து மாதம். பிள்ளைத்தாச்சி பிணத்தைப் பார்க்கக் கூடாது, கல்லறைப் பக்கம் போகவே கூடாது என்று காலையிலிருந்து அந்த அறையில் அடைத்து வைத்திருந்தார்கள். தன்னைத் தூக்கி வளர்த்த சித்தியின் முகத்தைக் கடைசியாக ஒரு தடவை பார்க்கக்கூட விடவில்லை. கண்ணெல்லாம் வீங்கிப்போய் வந்து, காலியான பந்தலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். பாட்டுச் சத்தம் தெருமுனையில் கேட்டுக்கொண்டிருந்தது.

"ஆஷ்லி, ஒன்னு கேக்கணும். இப்ப கேக்கறது தப்புதான். திங்கக்கெழம டாக்டராண்ட சொல்லியாவணும்."

என்ன கேட்கப்போகிறாள் என்று ஆஷ்லினுக்குத் தெரியும். போன வாரம் விழுப்புரத்தில் ஸ்கேன் எடுத்தார்கள். குழந்தைக்கு முதுகுத்தண்டு மூடவில்லை. அதே குறை. காலையில் பந்தலிலேயே அந்தப் பஞ்சாயத்து ஆரம்பித்துவிட்டது. "இன்னொரு ஆஷ்லினா? அப்பறம் எம்பொண்ணையும் இப்பிடி பொட்டியில பாக்கணுமா?" என்றாள் பெரியம்மா. கான்வென்டிலிருந்து வந்திருந்த சிஸ்டர், "ஆஷ்லினப் பாருங்க, எவ்ளோ நல்லா படிக்குது. கடவுள் குடுத்த கொடை இது. இப்பிடி ஒரு உயிர அழிக்கலாமா?" என்றார். ரெண்டு பேரும் அவளைத்தான் கையால் காட்டினார்கள். அம்மா செத்த பிள்ளை ஆயிற்றே, ஒரு வாய் டீ குடிக்கிறாயா என்று ரெண்டு பேரில் ஒருத்தரும் கேட்கவில்லை.

"எங்கம்மா பொட்டி தெருமுன தாண்டல. அதுக்குள்ள என்ன சாட்சிக்கு இழுக்கறியா?"

"வேற யாரக் கேப்பேன் நானு? அவரு அவுங்கம்மா சொல்றதுக்குத் தலையாட்டறாரு. எங்கம்மா அழுவுது. எல்லாரும் உன்னப் பத்தியேதான் பேசறாங்க, உன்ன யாரும் கேக்கல. அதான் கேக்கறேன். என்ன பண்ணட்டும் சொல்லு."

ஆஷ்லினுக்கு ஆத்திரமாக வந்தது. போன மாதம் வகுப்பில் வந்த அதே ஆத்திரம். திண்டிவனத்தில் அவள் படிக்கிற பள்ளியில் மரபியல் பாடம் நடத்திக்கொண்டிருந்த மிஸ், நடுவில் நிறுத்தி, ஸ்கேனில் குறை என்று தெரிந்தால் கருவைக் கலைத்துவிடலாம் என்று நினைப்பவர்கள் கை தூக்குங்கள் என்றார். நாற்பத்திரண்டு பேரில் ஏழெட்டுப் பேர் தவிர எல்லாரும் தூக்கினார்கள். முன் பெஞ்சு பிரபாவதி சும்மா பின்னால் திரும்பினாள். சுவரோரம் இருந்த நாற்காலியைப் பார்த்ததும் கையை மெதுவாக இறக்கினாள். அவளைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவள் இறக்கினாள். அப்படியே வரிசையாக இறங்கின. தூக்கியவர்கள் மேல்கூட ஆஷ்லினுக்கு அவ்வளவு கோபம் இல்லை, இறக்கியவர்கள் மேல்தான் பற்றிக்கொண்டு வந்தது. அவள் தன் கையைத் தூக்கினாள். மிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்.

அதை இப்போது இசைவாணியிடம் சொன்னாள்.

"நீயா தூக்கின?" என்றாள் இசைவாணி.

"நான் இல்லாதப்ப ஒரு பேச்சு, இருக்கறப்ப ஒரு பேச்சா? அந்தக் கோவத்துல தூக்கிட்டேன்."

"அப்ப கலைக்கலாம்னு சொல்றியா?"

"தெரியலக்கா. நெஜமாவே தெரியல. இத அம்மாகிட்ட போன திங்கக்கெழமதான் சொன்னேன். யாரோ சட்டைக்கு பட்டன் தச்சிக்கினு இருந்திச்சி. ஒன்னும் சொல்லல. நூலக் கடிச்சிட்டு, சாப்ட வான்னு கூப்ட்டிச்சி. மறுநாளு ரயிலேறிப் போச்சி. என்ன நெனச்சிக்கினு போச்சோ. இனிமே யாரக் கேக்கறது?"

சொன்னதும் அழுகை வந்துவிட்டது. இரண்டு நாளாக வராத அழுகை. இசைவாணி எழுந்து வந்து அவள் தோளில் கை வைத்தாள். ஆஷ்லின் அந்தக் கையைத் தட்டிவிட்டாள், உடனே அதையே பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு பயமா கீதுடி" என்றாள் இசைவாணி. "உன்னப் பாத்து இல்ல. சித்தியப் பாத்து. நாலு மணிக்கு எந்திரிச்சி, உனக்கு டியூப் போட்டு ஒன்னுக்கு எடுத்து, குளிப்பாட்டி, ஸ்கூல்ல வுட்டு, ரயிலேறிப் போயி, திரும்பி வந்து... என்னால அதெல்லாம் முடியாது. நான் சித்தி இல்ல."

"அம்மா மட்டும் பொறக்கும்போதே கத்துக்கினு வந்திச்சா? நர்ஸம்மா திட்டித் திட்டிதான் கத்துக்கிச்சி. ஒரு தடவ என்னத் தூக்கி கட்டில்ல போட்டுட்டு, செத்துத் தொலன்னுகூட சொல்லியிருக்கு."

"சித்தியா?"

"அப்பறம் தோசை சுட்டுக் குடுத்திச்சி." ஆஷ்லின் மூக்கை உறிஞ்சினாள். "உன்னால முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லு. உன் வயிறு, உன் பேச்சு. பெத்துக்கோ, பெத்துக்காத, நான் ஒன்னும் நெனைக்கமாட்டேன். ஆஷ்லின் மாதிரி பொறந்துடும்னு மட்டும் யாராண்டயும் சொல்லாத. ஆஷ்லின் மாதிரி பொறந்தா பாக்கியம்னும் சொல்லாத. என் பேர உட்டுடு."

பந்தலில் தேங்கியிருந்த தண்ணீர் ஒரு மூலையில் சொட்டிக்கொண்டிருந்தது. பாட்டுச் சத்தம் இப்போது ஏரிக்கரைப் பக்கம் போய்விட்டது.

ஆஷ்லின் பிரேக்கை எடுத்தாள்.

"எங்கடி போற?"

"மண்ணு போட."

தெருமுனைவரைக்கும் சிமென்ட் ரோடு, அதில் அவளே போய்விடுவாள். ரோடு முடிந்து இரண்டு கஜம் போனதும் முன்சக்கரம் இரண்டும் சேற்றில் புகுந்துவிட்டன. கையால் எவ்வளவு தள்ளியும் அசையவில்லை. ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். அவளுக்குத் தெரிந்ததிலேயே பெரியது அதுதான்.

பின்னாலேயே இசைவாணி செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். நைட்டி விளிம்பைத் தூக்கிச் செருகிக்கொண்டு நாற்காலியை முன்னால் தள்ளப் போனாள்.

"முன்னாடி தள்ளாத, இன்னும் பூந்துக்கும். அப்பிடியே திருப்பி, பின்பக்கமா இழுக்கணும். பெரிய சக்கரம் முன்னாடி போனாதான் ஏறும். அம்மா அப்பிடித்தான் இழுக்கும்." சொல்லிவிட்டு ஆஷ்லின் அவள் வயிற்றைப் பார்த்தாள். "நீ வேணாங்க்கா. உனக்கு எதனா ஆயிட்டா எம்மேல பழி வரும்."

"காலையிலேர்ந்து அத செய்யாத, இத செய்யாதன்னு கேட்டுக் கேட்டு காதே அடைச்சிப் போச்சி. நீயும் ஆரம்பிக்காத. சக்கரத்த சுத்து."

அவள் இழுத்தாள், இவள் சக்கரத்தைச் சுற்றினாள். பத்தடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கினார்கள். ஆஷ்லின் கல்லறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனாள். வீடும் பந்தலும் தூரத் தூரப் போயின, பாட்டு முதுகுக்குப் பின்னால் கிட்டே வந்தது. கையெல்லாம் சேறு. சக்கரத்தில் கிழித்துக்கொண்ட இடத்தில் எரிந்தது.

திடீரென்று பாட்டு நின்றது.

"அடியே இசைவாணி" என்று பெரியம்மாவின் குரல் கேட்டது. "புள்ளத்தாச்சி பொம்பள கல்லற மண்ண மிதிக்கலாமாடி? உனக்கென்ன புத்தி கெட்டுப் போச்சா?"

இசைவாணி நாற்காலியைச் சுற்றித் திருப்பினாள். கூட்டம் விலகியது. பெட்டியை இறக்கிவிட்டிருந்தார்கள். எல்லாரும் மண் போட்டு முடித்திருந்தார்கள். அப்பா கையைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"நாந்தான் வந்துர்றேன்னு சொன்னனேம்மா" என்றார்.

"உங்களுக்கு பொண்டாட்டிப்பா. எனக்கு அம்மா" என்றாள் ஆஷ்லின். "கொஞ்சம் தள்ளுங்க."

அவர் தள்ளி நின்றார். தொம்மை உபதேசியார் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து அவள் கையில் கொடுக்க நீட்டினார். அவள் வாங்கவில்லை. பிரேக்கைப் போட்டாள். கால்களை ஒவ்வொன்றாகக் கையால் எடுத்துக் கீழே வைத்தாள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சரிந்து சேற்றில் உட்கார்ந்தாள். யாரோ தூக்க வந்தார்கள். வேண்டாம் என்றாள். கைகளை ஊன்றிக் குழியின் விளிம்புவரை நகர்ந்து போனாள்.

முதல் பிடி பெட்டியின் மேல் சத்தத்தோடு விழுந்தது. இரண்டாவது, மூன்றாவது. ஊரில் எல்லாரும் மூன்று பிடிதான் போடுவார்கள். அவள் நிறுத்தவில்லை. விளிம்பில் குவித்திருந்த ஈரமண்ணை இரண்டு கையாலும் அணைத்து அணைத்து உள்ளே தள்ளினாள். சாமியார் புத்தகத்தை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "போதும் கண்ணு" என்று பெரியம்மா சொன்னாள், ஆனால் கிட்டே வரவில்லை.

குழி மூட வந்தவர் மம்மட்டியை எடுத்தார். இசைவாணி இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, இன்னும் மூச்சு இரைக்க, "இருங்கண்ணா, அவ போடட்டும்" என்றாள்.

அவர் மம்மட்டியைத் தரையில் வைத்தார். தூறல் மறுபடி ஆரம்பித்தது. ஒன்றிரண்டு பேர் குடையை விரித்தார்கள். பெட்டியின் தலைமாடு மூடிவிட்டது, கால்மாட்டில் இன்னும் வெள்ளையாகத் தெரிந்தது. ஆஷ்லின் கையை ஊன்றி அந்தப் பக்கம் நகர்ந்தாள்.