குங்குமம் ஏறிய திபேரியஸ்

வரலட்சுமி நோன்பன்று அலுவலகத்திலிருந்து வந்த ரோகிணி, பூஜையைப் பார்த்ததும் கைப்பையைக்கூட வைக்காமல் கிட்டே போய்க் குனிந்தாள். அவளுடைய ரோமானிய வெள்ளிக்காசு கலசத்தின் முன் வெற்றிலைமேல் பளபளத்தது. ஈராயிரம் வருஷக் கருமையை மாமியார் லலிதாம்பாள் விபூதி போட்டுத் தேய்த்தே போக்கியிருந்தாள்.

"கையில கிளையோட ஜம்முனு உக்காந்திண்டிருக்கா. லட்சுமி இல்லாம வேற யாரு?"

ரோகிணிக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. காசின் ஒரு பக்கம் திபேரியஸ் சக்கரவர்த்தியின் தலை. மறுபக்கம் ஆசனத்தில் ஒரு பெண். மாமியார் கண்ணுக்கு அந்தப் பெண்தான் பட்டாள். அர்ச்சனைக் குங்குமமோ வெற்றிலையில் சரிந்து, அடியில் கிடந்த சக்கரவர்த்தி கன்னத்தின் பழைய உளிவெட்டில் போய் அப்பிக்கொண்டிருந்தது.

அந்த ஞாயிறு நாணயச் சங்கத்தின் கண்காட்சி. இத்தனை வருஷம் நாற்காலி போடவும் டீ சொல்லவும் மட்டுமே அவளைக் கூப்பிட்டவர்கள், இந்த முறைதான் ஒரு மேஜை தந்திருந்தார்கள். செயலாளர் ஜகதீசன், ராமச்சந்திராபுரத்தில் இன்ஜினீயராக இருந்து ஓய்வுபெற்றவர், லென்ஸ் வைத்துப் பார்த்து முகம் சுளித்தார். தேய்த்த காசு பாழான காசு என்றார். குங்குமத்தைச் சுரண்டிவிட்டு ராஜா முகம் மேலே தெரிய வைத்தால் போனால் போகிறது. இல்லாவிட்டால் மேஜை கிடையாது. மாமியார் கதையெல்லாம் இங்கே நக்கோ, வேண்டவே வேண்டாம் என்றார்.

"இந்த வெட்டு யார் சார் போட்டது?" என்று கேட்டாள் ரோகிணி.

அவருக்குப் பிடித்த விஷயம். உள்ளே வெள்ளியா செம்பா என்று பார்க்க நம் ஊர் வியாபாரி அந்தக் காலத்திலேயே போட்டது, அதெல்லாம் சரித்திரம் என்றார்.

"அவன் ராஜா கன்னத்துல உளி வச்சா சரித்திரம், எங்க மாமியார் குங்குமம் வச்சா பாழா? சுரண்ட மாட்டேன் சார்."

மேஜை போயிற்று. போனால் போகட்டும். இத்தனை வருஷம் தூக்கிப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒன்றை வாசலில் போட்டு, அதன்மேல் காசை வைத்தாள், பெண் பக்கம் மேலே. பக்கத்தில் ஓர் அட்டை: 'ரோம், வெள்ளி. சைனிக்புரி வீடொன்றில் லட்சுமியாகப் பூஜிக்கப்பட்டது, 2007.' உள்ளே போகிறவர்கள் எல்லாரும் அங்கே நின்றுவிட்டுத்தான் போனார்கள்.

மத்தியானம் ஆட்டோவில் வந்திறங்கிய லலிதாம்பாளுக்கு விஷயம் புரிந்ததும் முகம் வாடிவிட்டது.

"நான்தான் கெடுத்துட்டேனா, ரோகிணி?"

"இல்லம்மா. சிமிழ் கொண்டு வந்திருக்கேளா?"

ஜகதீசன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். லலிதாம்பாள் கைப்பையிலிருந்து குங்குமச் சிமிழை எடுத்தாள். ரோகிணி நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள்.