கூடை இருக்கட்டும்

காரைக்கால்மேட்டில் மீன் ஏலத்தை எப்போது திறப்பது என்று பஞ்சாயத்தார் மூன்றாவது நாளாகக் கூடிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஊரடங்கு தொடங்கி ஐம்பது நாளாகிவிட்டது. சின்னப் படகுகள் கடலுக்குப் போகலாம், கூட்டம் சேராமல் ஏலம் விடலாம், எந்த நாள் என்பதை ஊரே முடிவு செய்துகொள்ளட்டும் என்று அனுமதி வந்திருந்தது. அங்கேதான் சிக்கல். ஊரிலிருந்த ஒவ்வொருவரிடமும் ஒரு நாள் இருந்தது.

"மீனுக்கு வருசா வருசம் அறுபத்தோரு நாள் தடைக்காலம் விடுறோம். நமக்கு ஒரு தடவை வந்தா தாங்கமாட்டமா? இன்னும் பதினஞ்சு நாள் பொறுங்க" என்றார் ஒருவர்.

"அந்த அறுபத்தோரு நாளும் மீனு தின்னுக்கிட்டுல்ல இருக்கு" என்றார் ஏலம் விடும் ராஜ்மோகன். "நாம எதைத் திங்கிறது?"

கூடத்துக்கு வெளியே பூவரச மரத்தடியில் மீன் விற்கும் பெண்கள் நின்றார்கள். பஞ்சாயத்தில் பெண்கள் உட்காருவதில்லை. வெளியே நின்று கேட்கலாம். அவர்களில் குஞ்சம்மாவுக்கு இரண்டு பேர் சொன்னதும் சரியாகவே பட்டது. அதுதான் அவளுக்குத் தொல்லை. நெடுங்காட்டில் அவளிடம் வாடிக்கையாக மீன் வாங்கும் வீடுகளிலிருந்து தினமும் போன் வருகிறது. வீட்டிலோ அரிசிப் பானையில் கை விட்டால் அடி தட்டுகிறது. ஆனால் புருசன் மருதையனுக்கு இழுப்பு. பனி பெய்தாலே மூச்சுக்குத் திண்டாடுகிறவர். ஏலக் கூட்டத்தில் இடிபட்டு, எதையாவது வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டால்?

அவள் மனதுக்குள் கணக்குப் பார்த்தாள். விற்கிற பெண்கள் நாற்பத்திரண்டு பேர். ஆறு ஆறு பேராகச் சேர்ந்துதான் ஒரு குவியலை ஏலம் எடுத்து, பிறகு கூறு போட்டுக்கொள்வார்கள். ஏலம் கேட்பது ஒருத்தி வாய். மற்ற ஐந்து பேர் இடித்துக்கொண்டு நிற்பது வெறும் பழக்கம். தப்பாகச் சொல்கிறோமோ என்று மறுபடி ஒருமுறை எண்ணினாள். ஏழாறு நாற்பத்திரண்டுதான். வாசல் வரைக்கும் போய்விட்டாள்.

"அண்ணே, ஆறு பேருக்கு ஒருத்தி வந்தா போதாதாண்ணே? ஏழு பேருதான வருவோம்."

தலைவர் பஞ்சநாதன் முகக்கவசத்தைக் கீழே இறக்கி அவளைப் பார்த்தார். மறுபடி ஏற்றிக்கொண்டார்.

"சரி. திங்கக்கிழமை ஒரு நாள் பாப்போம். கூட்டம் சேந்துச்சுன்னா, பதினஞ்சு நாளைக்கு ஏலம் கெடையாது. சொன்னது நீ. பாத்துக்கிறதும் நீதான்."

தன் ஆறு பேருக்காகக் குஞ்சம்மாவே போவதென்று ஆனது. அந்த ஆறு பேரில் ஒருத்தியான காசியம்மா அன்று முழுக்க அவளை விடவில்லை.

"நீ போனா செவுளு சிவப்பா இருக்கான்னு பாப்பியா, இல்ல நிக்கிற வட்டம் சரியா இருக்கான்னு பாப்பியாடி?"

"ரெண்டையும் பாப்பேன்க்கா."

"போன வருசம் நீ எடுத்த சங்கராவ என் வீட்டுப் பூனைகூட மோந்து பாத்துட்டுத் திரும்பிப் போச்சு."

"உங்க வீட்டுப் பூனை உங்களை மாதிரி. எதுலயும் ஒரு குத்தம் சொல்லும்."

திங்கட்கிழமை வெயில் ஏறுமுன் படகுகள் கரை தொட்டன. மணலில் சுண்ணாம்பால் ஏழு வட்டங்கள். ஏழு பெண்கள் வந்து நின்றார்கள். ராஜ்மோகன் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். அப்போதுதான் குஞ்சம்மா திரும்பிப் பார்த்தாள்.

மேட்டுச் சாலையோரம் மற்ற முப்பத்தைந்து பேரும் வந்திருந்தார்கள். ஆளுக்கொரு அலுமினிய அன்னக்கூடையோடு. யாரையும் குற்றம் சொல்ல முடியாது. தன் மீனை இன்னொருத்தி எடுக்கும்போது வீட்டில் உட்கார்ந்திருக்க இவர்கள் யாருக்கும் வராது.

"சும்மா தூரத்துலேருந்து பாக்க வந்தோம்டி" என்று காசியம்மா குரல் கொடுத்தாள்.

பஞ்சநாதனும் அவர்களைப் பார்த்துவிட்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மெதுவாக அந்தப் பக்கம் நடக்கத் தொடங்கினார். குஞ்சம்மா அதற்குள் கணக்குப் போட்டுவிட்டாள். இன்னும் பதினைந்து நாள், அதுவும் தன் பெயரால்.

சாலையோரத் தண்ணீர்க் குழாய் அவள் கண்ணில் பட்டது. தினமும் குழாயடியில் குடங்கள்தான் வரிசையில் நிற்கும். ஆட்கள் வீட்டில் வேலை பார்ப்பார்கள். குடம் பிடித்த இடத்தை யாரும் தொட மாட்டார்கள். தொட்டால் அன்றைக்கு அந்தத் தெருவில் வேறு பேச்சு இருக்காது.

"யக்கா, கூடைய மட்டும் வரிசையா வச்சிட்டுப் போங்க! குடம் வைக்கிற மாதிரி. கூடை இருக்கட்டும், ஆளு வீட்டுக்குப் போங்க. மீனு கூடைக்கு வந்துரும்."

ஒருத்தியும் அசையவில்லை. குஞ்சம்மாவுக்குத் தான் சொன்னது தனக்கே பைத்தியக்காரத்தனமாகத் தோன்றியது. பிறகு காசியம்மா குனிந்து தன் கூடையை வைத்தாள். பக்கத்தில் இருந்தவளின் கூடையைக் காலால் நகர்த்தி இடைவெளி விட்டாள்.

"என் கூடைய எவளாவது தள்ளி வச்சா நடக்குறது வேற" என்று சொல்லிவிட்டு முதலில் நடந்தாள். மற்றவர்களும் கூடையை வைத்துவிட்டு அவள் பின்னால் போனார்கள்.

பஞ்சநாதன் சாலைக்கு வந்து சேர்ந்தபோது அங்கே முப்பத்தைந்து கூடைகள் வெயிலில் பளபளத்தன. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை எண்ணிக்கொண்டே நடந்தார். திரும்பி வந்து, "ம், ஆரம்பி" என்று ராஜ்மோகனிடம் சொன்னார்.

குஞ்சம்மாவின் இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. காசியம்மா, வீடியோ காலில்.

"செவுளைத் தூக்கிக் காட்டுடி. இன்னும் கிட்டக் காட்டு."

குஞ்சம்மா ஒரு சங்கராவின் செவுளைத் தூக்கிப் போனுக்குக் காட்டினாள். சிவப்பாகவே இருந்தது.

"எடு" என்றாள் காசியம்மா. அவள் வாயிலிருந்து அதற்கு மேல் பாராட்டு வராது.

ஏலம் முடிந்து, கூறு போட்டு, ஏழு பேரும் கூடை கூடையாக மீனை இட்டு நிரப்பினார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட ஒவ்வொருத்தியாக வந்து தூக்கிக்கொண்டு போனாள். அன்று நெடுங்காட்டில் குஞ்சம்மா இரண்டாம் தெருவைத் தாண்டவில்லை. அதற்குள் மீன் தீர்ந்துவிட்டது.

மத்தியானம் வீட்டுக்கு வந்தவள் உள்ளே நுழையாமல் கொல்லைக்குப் போய்ச் சோப்பு போட்டுக் குளித்தாள். புடவையைத் தனி வாளியில் ஊறவைத்தாள். மருதையன் ஜன்னலுக்கு உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். இழுப்பு இல்லை, குரல் தெளிவாக இருந்தது.

"நாளைக்கும் ஏலம் உண்டா?"

"தலைவர் வாயால ஒண்ணும் சொல்லலங்க."

"அப்ப?"

குஞ்சம்மா தலையைத் துவட்டிக்கொண்டே சிரித்தாள்.

"வர்ற வழியிலயே கூடைய வரிசைல வச்சிட்டு வந்துட்டேன். எனக்கு முன்னாடியே பதினொரு கூடை இருந்துச்சு."