கத்தரிக்கோலைக் கொடுத்துவிட்டேன்

பதினோரு வருஷமாகத் தையல் கம்பெனியில் துணி வெட்டுகிறேன். எல்லோருக்கும் நான் கட்டிங் அக்கா. என் கத்தரிக்கோலை யாராவது தொட்டால் வாய்க்கு வந்தபடி திட்டுவேன். மகள் பிறந்த மூன்றாவது வாரம் அதை நானே பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன்.

காரணம் இதுதான். குழந்தைக்குச் சட்டை மாற்றிக்கொண்டிருந்தேன். கத்தரிக்கோல் அவள் கழுத்தில் இறங்குவது போலவும், அதைப் பிடித்திருப்பது என் கை போலவும் மனதுக்குள் ஒரு காட்சி. கத்தரிக்கோல் என்னவோ அலமாரியில்தான் இருந்தது. அன்றைக்கே அதைக் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டில் கொடுத்தேன். அதன்பிறகு குளிப்பாட்ட உட்கார்ந்தால் தண்ணீரில் அமுக்குவேன், மாடிப்படி இறங்கினால் கீழே போடுவேன். எல்லாம் மனதுக்குள். பெற்றவளுக்கு இப்படியும் தோன்றுமா? என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருந்தது.

கைவலி என்று பொய் சொல்லி, குளிப்பாட்டுகிற வேலையை வீட்டுக்காரர் தலையில் கட்டினேன். அவர் லிஃப்ட் மெக்கானிக். "மகாராணிக்கு வேற ஏதாவது வேணுமா?" என்று கிண்டலடித்துக்கொண்டே செய்தார். உண்மையைச் சொன்னால் பிள்ளையைப் பிரித்துவிடுவார்களோ என்ற பயத்தில் நான் வாயைத் திறக்கவில்லை.

தடுப்பூசி போட்ட அன்று அவர் மருந்து வாங்கப் போயிருந்தார். "ஏம்மா, பிள்ளைய இவ்வளவு தள்ளிப் பிடிச்சிருக்கே?" என்று நர்ஸ் கேட்டாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"செய்யணும்னு ஆசையா இருக்கா?"

"ஐயோ! அதுக்குப் பயந்துதான் கத்தரிக்கோலையே பக்கத்து வீட்டுல குடுத்துட்டேன்."

"இங்க வர்ற நெறைய அம்மாங்களுக்கு வர்றதுதான். அப்பாங்களுக்கும் வரும். யாரும் வெளிய சொல்றதில்ல. நெனப்பு வர்றதால நீ செஞ்சுடுவேன்னு அர்த்தமில்லம்மா. டாக்டர்கிட்ட பேசு. வீட்டுக்காரர்கிட்டயும் சொல்லு."

பஸ்ஸில் வரும்போதே அவரிடம் சொன்னேன். கத்தரிக்கோல், தண்ணீர், படி, நர்ஸ் சொன்னது எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். எத்தனையோ நாளுக்குப் பிறகு சிரிப்புகூட வந்தது.

அவர் சிரிக்கவில்லை. என் மடியிலிருந்த மகளை மெல்ல வாங்கி, ஜன்னல் பக்கத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"நான் வேலைக்குப் போற நேரத்துல, என் தங்கச்சிய வந்து இருக்கச் சொல்றேன்."

"எனக்குத் துணைக்கா?"

"பாப்பாவுக்கு" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.