ஏழு நிமிடம் குறைந்த படம்

"படங்கள்னு போட்டிருக்கே, இதுலதான் இருக்கும்," என்று சொல்லிக்கொண்டே அவள் ரிமோட்டை அழுத்தினாள்.

"அண்ணன் போட்டோ சட்டுனு ஒண்ணு எடுங்க அண்ணி. ஃபிரேம் போடுற கடைக்காரர் பத்து மணிக்குள்ள கேட்டிருக்காரு," என்றாள் நாத்தனார். கூடத்தில் இடம் வேண்டுமென்று அவள் சோஃபாவைச் சுவரோரம் தள்ளிக்கொண்டிருந்தாள். விடியும்போது ஆஸ்பத்திரியில் அவர் உயிர் போயிருந்தது. கையெழுத்தெல்லாம் முடிந்து, பதினோரு மணிக்கு வண்டி வரும் என்றிருந்தார்கள்.

திறந்தால் வந்தது போட்டோ இல்லை, சினிமா. திரை முழுக்கப் போஸ்டர்கள்.

அவள் கணவர் முப்பத்தோரு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். கண்ட இடத்திலெல்லாம் சீட்டு ஒட்டுவார். சமையலறை சுவிட்சுகளுக்கும் சீட்டு, ஊறுகாய் பாட்டிலுக்கும் சீட்டு. டிவிக்குக் கீழே இருந்த கறுப்புப் பெட்டியில் 'சர்வர், அணைக்காதே' என்று எழுதியிருந்தது. வீட்டிலிருந்த பழைய டிஸ்க்குகளையெல்லாம் அதில் ஏற்றிவைத்திருந்தார். அவர் போட்டுவிடுவார், அவள் பார்ப்பாள். இத்தனை வருடத்தில் அந்த ரிமோட்டை அவள் கையில் எடுத்ததே இல்லை.

பழகாத விரல் வழுக்கி ஒரு படம் திறந்துகொண்டது. கடிகாரம் ரிப்பேர் செய்யும் ஒருவனும் அவன் மகளும் வரும் படம். இருவருமாக உட்கார்ந்து ஐந்தாறு முறை பார்த்தது. போஸ்டருக்குக் கீழே 'வெர்ஷன்கள்: 3' என்றிருந்தது.

அவர் இதைப் பற்றி ஒருநாள் விளக்கியது நினைவுக்கு வந்தது. "ஒரே ஃபோல்டர்ல போட்டு, படத்தோட பேருக்குப் பின்னாடி ஒரு கோடு இழுத்து, இது எந்த வெர்ஷன்னு எழுதிடணும். அப்பத்தான் வெளியில ஒரே போஸ்டர் தெரியும். இல்லேன்னா ஒரே படம் மூணு தடவை வந்து நிக்கும், பார்க்கவே அசிங்கமா இருக்கும்." அவள் 'ஆமா ஆமா' என்று சொல்லிவிட்டு வெங்காயம் நறுக்கப் போய்விட்டாள்.

இப்போது அந்த 'வெர்ஷன்கள்' வரியை அழுத்தினாள். மூன்று வரிகள் வந்தன.

நம்ம வீட்டுக்கு. 2 மணி 4 நிமிடம்.
ஃபோனுக்கு. 2 மணி 4 நிமிடம்.
முழுசு. 2 மணி 11 நிமிடம்.

ஃபோனுக்கானது அவளுக்குத்தான். ரயிலில் போகும்போது பார்க்கட்டும் என்று சின்னதாக்கிக் கொடுத்திருந்தார். 'முழுசு' என்று ஒன்று இருப்பது அவளுக்குத் தெரியாது. பக்கத்தில் ஒரு குறிப்பு: கடைசியாகப் பார்த்தது ஞாயிறு காலை 10.40. பாதியில் நின்றிருக்கிறது. தொடரவா?

ஞாயிறு காலை அவள் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருந்தாள். ஞாயிறுதோறும் காலை முறை அவளுக்குத்தான். மறுநாள் திங்கட்கிழமைதான் அவருக்கு நெஞ்சு வலித்தது.

"கிடைச்சுதா அண்ணி?"

"இரு."

அவள் 'தொடர்' என்பதை அழுத்தினாள்.

"அண்ணி! இப்பப் போய் டிவியா? யாராவது வந்தா என்ன நினைப்பாங்க?"

"சத்தத்தைக் குறைச்சிட்டேன்."

திரையில் ஏரிக்கரை. சிவப்புச் சட்டைபோட்ட சிறுமி தரையில் கிடந்தாள். கடிகாரக்காரன் உடம்பெல்லாம் தண்ணீர் சொட்ட, அவள் நெஞ்சில் கை வைத்து அழுத்தினான். அழுத்தினான், மறுபடி அழுத்தினான். நான்கே விநாடி. சிறுமி இருமினாள். வாயோரம் தண்ணீர் வழிந்தது. கண்ணைத் திறந்து, தன் ஒரு செருப்பைக் காணோம் என்று சொல்லி அழுதாள். அவன் அவளைப் பளாரென்று ஓர் அறை அறைந்து, பிறகு வாரி அணைத்துக்கொண்டான்.

இந்தக் காட்சியை அவள் பார்த்ததே இல்லை. அவள் பார்த்த படத்தில் சிறுமி துள்ளிக்கொண்டு ஏரிக்குக் கிளம்புவாள். அடுத்த காட்சியில் வீட்டில் போர்வைக்குள் உட்கார்ந்து சூடாக எதையோ குடிப்பாள். "எடிட்டர் தூங்கிட்டான் போல," என்று அவள் ஒவ்வொரு முறையும் கிண்டல் செய்வாள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

அவர்களுடைய பாப்பா ஏரியில் மூழ்கிப் போய்ப் பத்தொன்பது வருடமாகிறது. அப்போது பாப்பாவுக்கு எட்டு வயது. அவர் வேலை பார்த்த கம்பெனியில் எல்லோரும் குடும்பத்தோடு சுற்றுலா போனார்கள். இவளுக்கு மட்டும் லீவு கிடைக்கவில்லை. தண்ணீரிலிருந்து குழந்தையை எடுத்தவர் அவர்தான். அன்று ராத்திரி ஒரே ஒரு முறை, "நான் எடுத்துட்டேன், எடுத்துட்டு..." என்று ஆரம்பித்தார். அதற்குமேல் பேச்சு வரவில்லை. அவளும் கேட்கவில்லை. பிறகு கேட்பதற்கான நாள் வரவே இல்லை.

நாத்தனார் சோஃபாவை விட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"உனக்கு இது தெரியுமா?" என்று கேட்டாள் அவள்.

"அண்ணன் இந்த சீனை வெட்டினதும் என்கிட்டதான் முதல்ல போட்டுக் காட்டினாரு," என்றாள் நாத்தனார். "ஒட்டுப்போட்டது தெரியுதான்னு கேட்டாரு."

"என்ன சொன்னே?"

"தெரியலைன்னு சொன்னேன்."

"பொய்யா?"

"பொய்தான். அந்த முகத்தைப் பார்த்துட்டு வேற என்னத்த சொல்ல?"

"செத்துப்போற சீனை வெட்டினா ஒரு அர்த்தம் இருக்கு," என்றாள் அவள். "இதுல குழந்தை பொழைச்சுக்குது."



அவள் படத்தைப் பின்னால் தள்ளி, அவர் விட்ட இடத்துக்கே கொண்டுபோனாள். கடிகாரக்காரனின் இரண்டு கைகளும் குழந்தையின் நெஞ்சில். அன்று கரையில் அவரும் இப்படித்தான் அழுத்தியிருப்பார். இன்னும் நான்கு விநாடி பொறுத்திருந்தால் இருமியிருக்கும். எத்தனை ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்து நிறுத்தினாரோ. அவள் படத்தை நிறுத்தாமல் ஓடவிட்டு எழுந்தாள். பிறகு நாத்தனாரின் ஃபோனை வாங்கி, போன வருடம் அவர் மாடியில் துணி காயப்போடும்போது எடுத்த போட்டோ ஒன்றைக் காட்டி, "இது போதும், அனுப்பு," என்றாள்.

"இதுல சிரிக்கவே இல்லையே அண்ணி."

"இருக்கட்டும்."

வண்டி பத்தே முக்காலுக்கே வந்துவிட்டது. நான்கு பேர் அவரைத் தூக்கிக்கொண்டு வந்து கூடத்தின் நடுவில் கிடத்தினார்கள். கதவருகே பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்தார்கள். யாரோ டிவியை அணைத்தார்கள்.

அவள் தலைமாட்டில் உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரியில் உடம்பைத் துடைத்துத் தலை வாரி அனுப்பியிருந்தார்கள். வகிடு தப்பான பக்கத்தில் இருந்தது. கையை வைத்துப் பார்த்தாள்; முடி இன்னும் ஈரமாகவே இருந்தது.

"ஒரு துண்டு எடுத்துட்டு வா," என்றாள் நாத்தனாரிடம்.

"எதுக்கு அண்ணி, அவங்களே எல்லாம்..."

"எடுத்துட்டு வா."

துண்டு வந்தது. அவள் அவர் தலையை மெதுவாகத் தன் மடிக்குத் தூக்கிக்கொண்டு, பிடரியிலிருந்து ஆரம்பித்து, காது மடலுக்குப் பின்னால் வரை, அவசரமே இல்லாமல் துவட்டத் தொடங்கினாள்.