கணக்கில் சேராத பெண்கள்

தங்கையின் சாவை விசாரித்த அன்று புரொபசர் சொன்ன ஒரே ஒரு சொல்லுக்காகத்தான் அக்கா அவருடைய பிரிவிலேயே வேலைக்குச் சேர்ந்தாள்.

தங்கை நீச்சல் கற்றுக்கொடுப்பவள். ஒரு மத்தியானம், தாடை வலிக்கிறது, முதுகைப் பிடித்து இழுக்கிறது என்று ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குத் தானாகவே நடந்து போனாள். வருகிறவர்களிடம் நர்ஸ் சில கேள்விகள் கேட்டுக் கம்ப்யூட்டரில் பதிவார். வயது, வலிக்கும் இடம், நாடித்துடிப்பு எல்லாவற்றையும் முன்பு வந்த நோயாளிகளுக்கு நடந்ததோடு ஒப்பிட்டு அது மூன்றில் ஒன்றைச் சொல்லும்: வீட்டுக்கு, வார்டுக்கு, தீவிர சிகிச்சைக்கு. தங்கைக்கு வீடு என்று வந்தது. மாத்திரையை வாங்கிக்கொண்டு டாக்ஸியில் ஏறினாள். வீட்டு வாசலில் டிரைவர் கதவைத் திறந்தபோது உயிர் இல்லை. மாரடைப்பு.

அந்தக் கம்ப்யூட்டர் கணக்கை உருவாக்கியவர் புரொபசர். ஆஸ்பத்திரியின் புள்ளியியல் பிரிவுக்குத் தலைவர். விசாரணையில் அவர் பதறவே இல்லை. "பத்துல ஒன்பது பேருக்கு சரியா சொல்லுது. ஒண்ணு ரெண்டு இப்படி விலகித்தான் போகும். இந்தப் பொண்ணு ஒரு அவுட்லையர், கணக்குல சேராத கேஸ்" என்றார். சொல்லிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

கேள்வி கேட்டதெல்லாம் தங்கையின் கணவர், பேக்கரிக்காரர். அக்கா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். புரொபசர் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதுவும் நல்லதுக்குத்தான் என்று அன்றே நினைத்துக்கொண்டாள். அவளும் புள்ளியியல் படித்தவள். இன்சூரன்ஸ் கம்பெனியில் யார் எப்போது சாவார்கள் என்று கணக்குப் போடும் உத்தியோகம். அதை விட்டுவிட்டு, குறைந்த சம்பளத்துக்குப் புரொபசரிடம் வந்தாள்.

நல்ல பிள்ளையாக நடந்துகொண்டாள். அவருடைய ஜோக்குக்குச் சிரித்தாள். அவர் மறந்துபோகும் கண்ணாடியைத் தேடிக் கொடுத்தாள். "உங்கள மாதிரி ரெண்டு பேர் இருந்தா போதும்மா" என்று அவர் ஊரெல்லாம் சொன்னார். வீட்டுக்குப் போனதும் முகம் கழுவுவாள். கழுவக் கழுவ அந்தச் சிரிப்பு போகாத மாதிரி இருக்கும்.

அடுத்த வருஷம், புதிய நோயாளிகளையும் சேர்த்துக் கணக்கைப் புதுப்பிக்கும் வேலை அவள் கைக்கு வந்தது. முதலில் பழைய நோயாளிகளை மட்டும் வைத்துப் புரொபசரின் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். விடை ஒத்துவரவில்லை. தன்மேலேயே சந்தேகப்பட்டு, முதலிலிருந்து போட்டாள். அப்போதும் வரவில்லை.

அப்புறம் வேறு வழியில் போனாள். ஒவ்வொரு நோயாளிக்கும் உண்மையில் என்ன நடந்தது, அது நடக்க எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கு சொன்னது, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். மூன்று முடிவு இருப்பதால் வீடா வார்டா, வீடா தீவிர சிகிச்சையா என்று இரண்டிரண்டாகப் பிரித்துப் பார்த்தாள். 'வாய்ப்பே இல்லை' என்று கணக்கு சொன்ன முடிவு யாருக்கெல்லாம் நடந்ததோ, அவர்களைத் தனியாக ஒதுக்கினாள். பெரும்பாலும் முப்பது நாற்பது வயதுப் பெண்கள். தாடை வலி, முதுகு வலி, குமட்டல். எல்லாருக்கும் கணக்கு வீடு என்றது. எல்லாரும் போய்ச் சேர்ந்தது தீவிர சிகிச்சையில்.

ஒரு குறுகுறுப்பில், அந்தப் பெண்களை நீக்கிவிட்டு மறுபடி கணக்கைப் போட்டாள். புரொபசரின் விடை அப்படியே வந்தது, கடைசி தசமம் வரைக்கும்.

சரியாகக் கணிக்கப்படாதவர்களை அவரும் தேடிக் கண்டுபிடித்திருக்கிறார். ஏன் தப்பியது என்று கேட்பதற்காக இல்லை, களையெடுப்பதற்காக. கணக்கு அழகாக இருக்க வேண்டும். வந்த நோயாளிகள் அத்தனை பேரையும் எடுத்துக்கொண்டதாகக் கட்டுரையில் கூசாமல் எழுதியும் இருந்தார். அந்தப் பெண்களை விட்டுவைத்திருந்தால், தாடை வலி என்றால் என்ன என்று அந்தக் கணக்கு கற்றுக்கொண்டிருக்கும். தங்கையை அது வீட்டுக்கு அனுப்பியிருக்காது.

அன்று சாயங்காலம் பேக்கரிக்குப் போய்த் தங்கை கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் மாவு பிசைந்த கையோடு நின்று கேட்டார்.

"அடுத்த மாசம் அவருக்கு விருது கொடுக்கறாங்க, மாப்பிள்ளை. பெரிய மண்டபம். அவரோட அம்மா, பொண்டாட்டி, பசங்க எல்லாரும் முன் வரிசையில இருப்பாங்க. எங்க பிரிவு சார்பா பேச என்னைத்தான் கூப்பிட்டிருக்கார். அங்க வச்சு அவிழ்த்து விடப்போறேன். அவர் மூஞ்சி போற போக்கை அவரோட அம்மா பாக்கணும்."

சொல்லும்போதே அவளுக்கு வாய் இனித்தது.

அவர் கையிலிருந்த மாவை உருட்டி உதிர்த்துக்கொண்டே இருந்தார். "எனக்கும் அவனை அடிச்சு நொறுக்கணும்னு இருக்கு, அண்ணி. ஆனா அடுத்த மாசம் வரைக்கும் தாடை வலின்னு ஒருத்தியும் அந்த ஆஸ்பத்திரிக்கு வரமாட்டாளா?"

அவள் கோபமாக எழுந்து வந்துவிட்டாள். பஸ்ஸில் வீடு வரைக்கும் அவரை மனசுக்குள் திட்டினாள். அந்த மண்டபத்துக்காக ஒரு வருஷம் சிரித்திருக்கிறாள். அதை விடச் சொல்ல இவர் யார். பக்கத்து சீட்டில் ஒரு பெண் ஜன்னலில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். தங்கை வயதுதான் இருக்கும். அதற்குப் பிறகு அவளால் திட்ட முடியவில்லை.

மறுநாள் காலை புரொபசரின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அந்தப் பெண்களைச் சேர்த்தும் நீக்கியும் வந்த இரண்டு விடைகளையும் அவர் திரையிலேயே போட்டுக் காட்டினாள்.

அவருக்கு உடனே புரிந்தது. "உக்காருங்கம்மா. இதெல்லாம் எல்லா இடத்துலயும் நடக்கறதுதான். அடுத்த கட்டுரையில உங்க பேரை முதல்ல போட்டுடலாம்."

"நீச்சல் டீச்சர் ஒருத்தி டாக்ஸியில செத்துப்போனாளே, ஞாபகம் இருக்கா சார்? அவுட்லையர்னு சொன்னீங்க."

"ஆமா, அந்த..."

"அது என் தங்கச்சி."

அவர் நாற்காலியில் அப்படியே சரிந்தார். அவள் மேஜைமேல் இருந்த போனை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"டைரக்டருக்குப் போடுங்க. நான் சொல்லமாட்டேன். உங்க வாயால சொல்லணும். யாரை எடுத்தீங்க, எதுக்கு எடுத்தீங்க, எல்லாம். இன்னைக்கே அந்தக் கம்ப்யூட்டரை நிறுத்தச் சொல்லுங்க."

"என் வாழ்க்கையே போயிடும்மா."

"போகட்டும் சார்."

அவர் பேசினார். நடுநடுவே குரல் உடைந்தது. 'தவறுதலா' என்று அவர் ஆரம்பித்தபோது அவள் குறுக்கிட்டு, "தெரிஞ்சேன்னு சொல்லுங்க" என்றாள். தெரிந்தே என்று திருத்திச் சொன்னார். அந்தத் திருத்தம் அவளுக்குத் தொண்டை வரைக்கும் நிறைவாக இருந்தது. அதை அவள் தனக்குத்தானே மறைத்துக்கொள்ளவும் இல்லை.

மத்தியானத்துக்குள் கம்ப்யூட்டர் நின்றது. நர்சுகளும் டாக்டர்களும் பழையபடி தாங்களே பார்த்து முடிவு செய்தார்கள். விருது ரத்தானது. கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். புரொபசருக்குப் பதவி போனது, மேலே வழக்கும் வந்தது. மண்டபம் அவளுக்குக் கிடைக்கவில்லை. அவருடைய அம்மாவுக்கு எந்த அறையில், எப்படிச் சேதி போய்ச் சேர்ந்தது என்று அவளுக்குத் தெரியாமலே போயிற்று. அந்த ஏக்கம் மட்டும் நெஞ்சில் முள்ளாக நின்றது.

கணக்கைப் புதிதாகப் போடும் பொறுப்பை அவளிடமே கொடுத்தார்கள். நீக்கப்பட்ட பெண்களை எல்லாம் திரும்பச் சேர்த்தாள். தங்கையையும் சேர்த்தாள். பத்தில் ஒன்பது என்ற பெருமை கொஞ்சம் குறைந்தது. தங்கையைப் போல ஒருத்தி தாடை வலி, முதுகு வலி என்று வந்தால் இப்போது அது தீவிர சிகிச்சையைக் காட்டியது.

சாமான்களை எடுத்துப்போக ஒரு நாள் புரொபசர் வந்தார். லிஃப்ட்டுக்காக அவள் நின்ற இடத்தில் வந்து நின்றார். தாடி வளர்ந்து, ஆள் பாதியாகியிருந்தார்.

"மன்னிச்சிடும்மா" என்றார்.

"முடியாது சார்."

லிஃப்ட் வந்தது. அவள் ஏறிக்கொண்டாள். அவர் அட்டைப் பெட்டியை அணைத்தபடி வெளியிலேயே தயங்கினார். கதவைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க அவளுக்கு மனமில்லை. கீழே போகும் பொத்தானை அழுத்தினாள்.